கல்லுக்குக் கண் அளித்தவர்

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், நகருக்கு வடக்கே கங்கைகொண்டான் என்னும் ஊர் அமைந்துள்ளது. தாமிரபரணியோடு சென்று கலக்கும் சிற்றாறு அவ்வூரை ஒட்டி ஓடுகிறது. அங்கே கைலாசநாதர் கோயில் பழமையின் சான்றாக விளங்குகிறது. ஊரை அடுத்த காட்டில் புள்ளிமான்கள் துள்ளித் திரிகின்றன. 2013 ஆம் ஆண்டில் அரசினர் அக்காட்டை அம்மான்களின் புகலிடமாக அறிவித்தனர். வடநாடு வரை படை நடத்திக் கங்கை நீரைக் கொணர்வித்த முதலாம் இராசேந்திர சோழனின் விருதுப் பெயரை இவ்வூர் இன்றும் தாங்கி நிற்கிறது.

பழம்பெயர் கொண்ட இவ்வூரில் புதுத்தொழில் ஒன்று நடைபெறுகிறது. இங்குள்ள தொழிற்பேட்டையில் 2024 ஆம் ஆண்டு முதல் சூரிய மின்கலங்கள் செய்யப்படுகின்றன. சிலிக்கான் என்னும் பொருளாலான மெல்லிய தகடுகளே அவற்றுக்கு மூலப்பொருள். மணலில் ஆக்சிஜனோடு கலந்து கிடப்பது அந்தச் சிலிக்கான். அது செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடுவதில்லை. கண்ணாடியைப் போல முற்றிலும் தடுப்பதும் இல்லை. ஆதலால் அத்தகைய பொருள்களைக் குறைக்கடத்திகள் என்பர். வெயில் பட்ட அளவில் அத்தகட்டில் மின்சாரம் பிறக்கிறது. அதே சிலிக்கானிலிருந்து டிரான்சிஸ்டர் என்னும் கருவியும் செய்யப்படுகிறது. வானொலிப் பெட்டி முதல் கணிப்பொறி வரை இன்று இயங்கும் மின்னணுக் கருவிகளுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

உயிரற்ற கல் ஒன்று, கண்ணைப் போல ஒளியை உணரவும் செவியைப் போலத் தொலைவிலிருந்து வரும் செய்தியை ஏற்கவும் கூடும் என்பதைக் கருவியாகவே அமைத்துக் காட்டிய இந்தியர் ஒருவர் உண்டு. அவர் கங்கையின் கிளையாறு பாயும் கல்கத்தா நகரில் பேராசிரியராக விளங்கியவர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

பிறப்பும் கல்வியும்

ஜகதீச சந்திரர் 1858 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவர்தம் முன்னோர் வாழ்ந்த விக்கிரமபுரிப் பகுதி இன்று பங்களாதேச நாட்டில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் அரசுப் பணியில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ, குழந்தை முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டும், தன் நாட்டு மக்களோடு கலந்து பழக வேண்டும் என்னும் கொள்கை உடையவர். ஆதலின் மகனை வங்கமொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே ஏவலர் ஒருவரின் மகனும் மீனவர் ஒருவரின் மகனும் ஜகதீசருக்கு இருபுறமும் அமர்ந்து பயின்றனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றி அச்சிறுவர்கள் கூறிய கதைகளை அவர் வியந்து கேட்டார். இயற்கையின்மீது அவர் கொண்ட பற்று அவ்விடத்திலேயே வேரூன்றியது.

பின்னர்க் கல்கத்தா சென்று, தூய சவேரியார் கல்லூரியில் லபோன் என்னும் பாதிரியாரிடம் இயற்பியல் பயின்றார். சோதனைகளைச் செய்து காட்டியே பாடம் நடத்துவது லபோன் அடிகளாரின் வழக்கம். சொல்லைக் காட்டிலும் செயலே தெளிவு தரும் என்னும் உண்மையை ஜகதீசர் அவரிடம் கற்றார். 1880 ஆம் ஆண்டில் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவு அக்கல்விக்குத் தடையாயிற்று. மருத்துவத்தை விடுத்துக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்று, 1884 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ராலே பிரபு.

ஊதியம் பெறாத மூன்றாண்டு

1885 ஆம் ஆண்டில் ஜகதீசர் தாயகம் திரும்பி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் அப்பதவியில் அமரும் இந்தியருக்கு, ஆங்கிலேயர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே வழங்கப்பட்டது. ஜகதீசரின் பதவி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்தும் இருவருள், ஒருவருக்கு முழுமையும் மற்றவருக்கு மூன்றில் ஒரு பங்கும் என்பது அறமாகுமா?

ஜகதீசர் வாதிட்டுக் காலம் போக்கவில்லை. பணியை விட்டு விலகவும் இல்லை. நாள்தோறும் தவறாது கல்லூரிக்குச் சென்று பாடம் நடத்தினார். திங்கள்தோறும் வந்த குறைந்த ஊதியத்தை மட்டும் தொடாது விடுத்தார். இவ்வாறு ஒரு நாள் அன்று, ஒரு திங்கள் அன்று, மூன்று ஆண்டுகள் கழிந்தன. அக்காலம் அவருக்கு இன்பமான காலமும் அன்று. மக்களுக்குத் தொழில்கள் அமைத்துத் தர முயன்ற தந்தையார், போட்ட பொருளை இழந்து கடனில் ஆழ்ந்திருந்தார். குடும்பத்தின் பழைய நிலத்தை விற்ற பின்னும் கடன் தீரவில்லை. 1887 ஆம் ஆண்டில் ஜகதீசர் மணந்துகொண்ட அபலா அம்மையார் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். கணவரின் உறுதிக்கு அவ்வம்மையார் துணை நின்றார்.

மூன்றாண்டு முடிவில் கல்வித் துறையினர் தம் தவற்றை உணர்ந்தனர். பதவி நிலையாக்கப்பட்டது, முதல் நாள் தொட்டுக் கணக்கிட்டு முழு ஊதியமும் ஒருசேர வழங்கப்பட்டது. அத்தொகையை ஜகதீசர் தந்தையின் கடனைத் தீர்க்கப் பயன்படுத்தினார்.

புலனாகாத அலைகள்

குளத்தில் கல் எறிந்தால் நீரில் அலை எழுகிறது. மின்சாரம் முன்னும் பின்னும் விரைந்து அசையும்போது, வெளியிலும் அலைகள் எழுந்து பரவும் என்று மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணக்கினால் நிறுவினார். 1880களின் இறுதியில் செருமானிய அறிஞர் ஹெர்ட்ஸ் அவ்வலைகளைச் சோதனையால் மெய்ப்பித்தார். ஒளியும் அவ்வகை அலையே. எனினும் ஹெர்ட்ஸ் எழுப்பிய அலைகள் ஒளியலைகளைவிடப் பன்மடங்கு நீண்டவை.

1894 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள், தம் முப்பத்தாறாம் பிறந்த நாளில், ஜகதீசர் ஆராய்ச்சிக்கே தம் வாழ்வை ஒப்படைப்பதென உறுதி பூண்டார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிறிய அறையே கிடைத்தது. கருவி செய்யத் தேர்ந்த கைவினைஞர் இலர். தகரவேலை செய்யும் ஒருவரைப் பழக்கித் துணையாக்கிக் கொண்டார். கல்லூரி வேலை முடிந்த பின்னரே ஆராய்ச்சிக்கு நேரம் வாய்த்தது.

இத்துணை இடையூறுகளுக்கு இடையே, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமே உடைய குறும் அலைகளை அவர் எழுப்பினார். அலை குறுகியதாக இருந்தால் கருவியும் சிறியதாக அமையும். ஒரு மேசையின்மேல் வைத்தே அதன் இயல்புகளை ஆராயலாம். முறுக்கிய சணலும், தாள்களுக்கு இடையே வெள்ளீயத்தகடு செருகிய இரயில் கால அட்டவணைப் புத்தகமும் அவர் கையில் ஆராய்ச்சிக் கருவிகளாக மாறின. கருவி இல்லை என்று கைகட்டி இருப்பவர்க்கு அவை குப்பை. கருத்து உடையவர்க்கோ அவை செல்வம்.

1895 ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில், துணைநிலை ஆளுநர் முன்னிலையில் அவர் ஒரு காட்சி நடத்தினார். ஓரிடத்தில் எழுந்த அலைகள் இடைநின்ற சுவர்களையும் மனிதர் உடலையும் ஊடுருவிச் சென்றன. அப்பால் வைத்திருந்த மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது. இரண்டுக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. 1897 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் ராயல் நிலையத்தில் அவர் உரை நிகழ்த்திச் சோதனை காட்டியபோது, அங்குக் குழுமியிருந்த அறிஞர் வியந்து பாராட்டினர்.

கல்லின் கண்

அலையை எழுப்புவதைக் காட்டிலும் அதனை உணர்வதே அரிய செயல். தொலைவிலிருந்து வரும் அலை மிகவும் மெலிந்தே வந்து சேரும். அந்நாளில் அலையை உணர்வதற்கு, உலோகத் தூள் நிரம்பிய குழாய்களைப் பயன்படுத்தினர். ஒருமுறை அலை பட்டவுடன் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மீண்டும் தட்டி உதறினால்தான் அடுத்த அலையை உணரும். வங்கத்தின் ஈரக்காற்றில் அத்தூள் துருப்பிடித்துப் பயனற்றுப் போவதும் உண்டு. இக்குறையைப் போக்க எண்ணிய ஜகதீசர், பல்வேறு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். அலை படும்போது சில பொருள்களின் மின்தடை குறைவதையும், சிலவற்றின் மின்தடை மிகுவதையும் கண்டு, அவற்றை இரு வகையாகப் பிரித்தார்.

அவ்வாராய்ச்சியில் அவர் தேர்ந்தெடுத்தது கலீனா என்னும் கனிமம். ஈயமும் கந்தகமும் கூடி இயற்கையில் விளைந்த பளபளப்பான கல் அது. அக்கல்லின்மேல் கூரிய முனை ஒன்று மெல்லத் தொட்டு நிற்குமாறு அமைத்து, அதனூடே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினார். அலை வந்து பட்டதும் தொடுமிடத்தின் மின்தடை மாறியது. மின்மானியின் முள் அசைந்தது. அலை நின்றதும் முள் தானே பழைய நிலைக்குத் திரும்பியது. தட்டவும் வேண்டுவதில்லை, உதறவும் வேண்டுவதில்லை. வானொலி அலை மட்டும் அன்றி, கண்ணால் காணும் ஒளி பட்டபோதும் அக்கல் மறுமொழி கூறியது. ஆதலின் அக்கருவியைச் செயற்கை விழித்திரை என்றே அவர் கருதினார்.

உயிரற்ற ஒரு கல்லுக்கு இங்ஙனம் கண் கிடைத்தது.

செல்வமும் அறிவும்

1901 ஆம் ஆண்டில் ஜகதீசர் இலண்டனில் தங்கியிருந்தார். கம்பியில்லாத் தந்தியால் பெரும்பொருள் ஈட்டலாம் என்பதை வணிகர் உணர்ந்திருந்த காலம் அது. தந்தி நிறுவனம் ஒன்றின் முதலாளி காப்புரிமை விண்ணப்பத்தோடு அவரை நாடி வந்தார். கண்டுபிடிப்பை வெளியிடாது காப்புரிமை பெற்றால், வரும் ஊதியத்தில் பங்கு தருவதாக ஆசை காட்டினார். ஜகதீசர் அதற்கு இணங்கவில்லை. கோடிப் பொருள் உடையவர் மேலும் பொருளுக்காகக் கெஞ்சி நின்ற அக்காட்சியைத் தம் நண்பர் இரவீந்திரநாத தாகூருக்குக் கடிதத்தில் எழுதி வருந்தினார். அறிவு என்பது உலகோர் அனைவர்க்கும் பொதுவான ஆறு. அதில் அணைபோட்டுத் தனியே நீர் விற்றல் தகாது என்பது அவர் உள்ளத்தில் ஊறிய கருத்து.

எனினும் நண்பர்கள் வேறு வகையாக எண்ணினர். பிறர் அக்கண்டுபிடிப்பைத் தமதென்று கூறிவிடலாம் என அவர்கள் அஞ்சினர். சகோதரி நிவேதிதையும் அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரில், கலீனாக் கருவிக்கு மட்டும் 1901 ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டது. 1904 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் நாள் அது வழங்கப்பட்டது. குறைக்கடத்திக் கருவிக்கு உலகில் வழங்கப்பெற்ற முதல் காப்புரிமை என்று அதனை அறிவியல் வரலாற்றறிஞர் குறிப்பிடுவர். ஆயினும் ஜகதீசர் அதைக் கொண்டு பொருள் ஈட்ட முனையவில்லை. அது காலாவதியாகுமாறு விட்டுவிட்டார்.

இச்செயலால் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. யாவரும் அவ்வழியில் தடையின்றி முன்னேற முடிந்தது நன்மை. அவ்வழியை முதலில் வெட்டியவர் பெயரை உலகம் நெடுநாள் மறந்திருந்தது இழப்பு. பின்வந்தோர் சிலிக்கான், கலீனா முதலிய கற்களைக் கொண்டு வானொலிப் பெட்டிகள் அமைத்தனர். பூனைமீசை என்று அழைக்கப்பட்ட மெல்லிய கம்பியால் கல்லின் முகத்தைத் தடவித் தக்க இடத்தைத் தேடிப் பிடித்து, மக்கள் பாட்டும் பேச்சும் கேட்டனர். அவருள் ஜகதீசரின் பெயரை அறிந்திருந்தோர் எத்துணை பேர்?

சிறியதைப் பெரிதாக்கிய முயற்சி

கல்லில் கண்ட மறுமொழி ஜகதீசரை வேறொரு துறைக்கு ஈர்த்தது. அலைகளைத் தொடர்ந்து ஏற்ற கருவி சிறிது நேரத்தில் சோர்வதும், ஓய்வு தந்தால் மீண்டும் ஊக்கம் பெறுவதும் கண்டு, உயிருள்ளவற்றோடு அதனை ஒப்பிட்டார். அங்கிருந்து செடிகொடிகளின் ஆராய்ச்சியில் இறங்கினார். உடலியல் அறிஞர் சிலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். இயற்பியல் பயின்றவர் தம் எல்லையில் நுழைவதை அவர்கள் விரும்பவில்லை. ஜகதீசர் சினங்கொள்ளாது, மேலும் நுட்பமான கருவிகளைச் செய்து விடையளித்தார்.

அவற்றுள் சிறந்தது கிரெஸ்கோகிராப் என்னும் வளர்ச்சி அளக்கும் கருவி. செடி வளர்வது கண்ணுக்குத் தெரியாது. அது அத்துணை மெல்ல நிகழும். இக்கருவி அவ்வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டியது. பின்னர்க் காந்தத்தின் துணையால் ஒரு கோடி மடங்கு பெருக்கும் கருவியையும் அவர் அமைத்தார். செடிகளின் உணர்வைப் பற்றி அவர் கூறிய கருத்துகள் எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும் செடிகளுள் மின்குறிகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை.

1917 ஆம் ஆண்டு, தம் பிறந்த நாளிலேயே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்குக் கண்டறியப்படும் உண்மைகள் அனைவர்க்கும் உரியவை, அவற்றுக்குக் காப்புரிமை பெறப்படமாட்டாது என்பது அந்நிலையத்தின் கொள்கையாயிற்று. முன்பு அவர் கட்டுரையை வெளியிடாது நிறுத்தி வைத்த இலண்டன் ராயல் சங்கம், 1920 ஆம் ஆண்டில் அவரைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 1937 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள், கிரிடி என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது.

மதகும் டிரான்சிஸ்டரும்

ஜகதீசரின் கல் அலையை உணர்ந்தது. ஆனால் அதனைப் பெருக்க அதற்கு ஆற்றல் இல்லை. கல் பொருத்திய வானொலியில், வானத்திலிருந்து வந்த மெலிந்த ஆற்றலே ஒலியாக மாறியது. ஆதலால் காதோடு கருவியை ஒட்டி வைத்தே கேட்க வேண்டியிருந்தது. குறியைப் பெருக்குவதற்கு வால்வு என்னும் கண்ணாடிக் குழல்கள் பின்னர் வந்தன. அவை சூடேறின, எளிதில் உடைந்தன, மின்சாரத்தை மிகுதியாக உண்டன. கல்லைக் கொண்டே பெருக்க இயலாதா என்று அறிஞர் முயன்றனர்.

1947 ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அம்முயற்சி பலித்தது. பார்டீன், பிராட்டேன் என்னும் இருவரும் ஜெர்மானியம் என்னும் குறைக்கடத்தியின் முகத்தில், மிக நெருக்கமாக இரு பொன் முனைகளைத் தொடச் செய்தனர். ஒரு முனையில் இட்ட மெல்லிய குறி, மறு முனையில் பெருகி வெளிப்பட்டது. ஆற்றல் ஏறக்குறைய 18 மடங்காயிற்று. அவர்களோடு பணியாற்றிய ஷாக்லி, பின்னர் மேலும் உறுதியான அமைப்பை வகுத்தார். மூவரும் 1956 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

டிரான்சிஸ்டர் இயங்கும் விதத்தை அறிவதற்குத் தாமிரபரணிப் பாசனமே தக்க எடுத்துக்காட்டு. அவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கால்வாய்கள் பிரிந்து வயல்களுக்கும் குளங்களுக்கும் நீர் கொண்டு செல்கின்றன. கால்வாயின் தலைப்பில் மதகு உண்டு. ஒருவர் தம் கைவலியால் மதகின் பலகையைச் சிறிது உயர்த்துகிறார். உடனே பெருவெள்ளம் பாய்கிறது. பலகையைச் சிறிது தாழ்த்தினால் வெள்ளம் குறைகிறது. அவர் செலவிடும் வலிமை சிறிது. அவர் ஆட்டிவைக்கும் வெள்ளமோ பெரிது. அவ்வெள்ளத்தின் வேகம் அவர் கையிலிருந்து வந்ததன்று. தேங்கி நின்ற நீரிலிருந்து வந்தது. டிரான்சிஸ்டரும் இத்தகைய ஒரு மதகே ஆகும்.

சிலிக்கான் அணு ஒவ்வொன்றும் தன் வெளிச்சுற்றில் நான்கு எலக்ட்ரான்களை உடையது. அவற்றைக் கொண்டு அது அண்டை அணுக்களோடு பிணைந்து நிற்கும். ஐந்து எலக்ட்ரான்கள் உடைய பாஸ்பரஸ் அணுக்களை அதில் மிகச் சிறிதளவு கலந்தால், பிணைப்புக்கு வேண்டாத ஓர் எலக்ட்ரான் எஞ்சித் தடையின்றி உலவும். அது என் வகைக் குறைக்கடத்தி எனப்படும். மூன்றே எலக்ட்ரான்கள் உடைய போரானைக் கலந்தால், பிணைப்பில் ஓரிடம் காலியாக நிற்கும். அவ்விடத்தைத் துளை என்பர்; துளை மிகுந்தது பி வகை. இவ்விரு வகையும் ஒட்டி நிற்கும் சந்திப்பில் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும், எதிர்த்திசையில் அரிதாகவும் செல்லும்.

இரண்டு என் வகைப் பகுதிகளுக்கு நடுவே மிக மெல்லிய பி வகைப் படலம் ஒன்றை வைத்தால் டிரான்சிஸ்டர் உருவாகும். ஒரு கோடியில் உள்ளது உமிழ்ப்பான். நடுவில் உள்ளது அடிவாய். மறு கோடியில் உள்ளது ஏற்பான். அடிவாய்க்கு ஏறக்குறைய 0.7 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், உமிழ்ப்பானிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி அடிவாய்க்குள் புகும். அடிவாயோ மெல்லியது, அதில் துளைகளும் குறைவு. ஆதலின் நூற்றுக்கு ஒன்று அளவே அங்குத் தங்கி அடிவாய்க் கம்பி வழியாக வெளியேறும். ஏனையவை அதைக் கடந்து, மிகுந்த நேர்மின்னழுத்தத்தில் நிற்கும் ஏற்பானால் இழுக்கப்பட்டு விரையும். அடிவாயின் மின்னோட்டம் சிறிது கூடினால் ஏற்பானின் மின்னோட்டம் பெரிதும் கூடும். அது குறைந்தால் இதுவும் குறையும்.

ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். 6 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்று உள்ளது. ஏற்பானுக்கும் அதற்கும் இடையே 1,000 ஓம் மின்தடை இணைக்கப்பட்டுள்ளது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் 100 மடங்கு. அடிவாயில் 20 மைக்ரோ ஆம்பியர் ஓடினால், ஏற்பானில் 2 மில்லி ஆம்பியர் ஓடும். மின்தடையின் குறுக்கே 2 வோல்ட் தோன்றும். அடிவாயில் வந்து சேரும் குறி அந்த 20ஐ 10க்கும் 30க்கும் இடையே ஆட்டினால், மின்தடையின் குறுக்கே தோன்றும் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் இடையே ஆடும். குறி எவ்வாறு ஏறி இறங்குகிறதோ, அவ்வாறே பெருகிய வடிவில் இதுவும் ஏறி இறங்கும்.

குறி இல்லாத வேளையிலும் 20 மைக்ரோ ஆம்பியர் ஓடுவது எதற்கு என்று ஐயம் எழலாம். முழுதும் மூடிய மதகை மேலும் தாழ்த்த இயலாது, உயர்த்தவே இயலும். பாதி திறந்து வைத்த மதகையோ உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். பேச்சின் குறி ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. இரண்டும் சிதையாது வெளிப்படுவதற்காகவே டிரான்சிஸ்டரை முன்னரே பாதி திறந்த நிலையில் வைக்கின்றனர். இவ்வாறு ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கியதை மற்றொன்றுக்கு அளித்தால், பெருக்கம் மேலும் பெருகும். அப்பெருக்கத்துக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் மின்கல அடுக்கிலிருந்தே வருகிறது. குறி அதற்கு வழிகாட்டுவதோடு சரி.

மின்சார வசதி எட்டாத சிற்றூர்களுக்கும் 1960களில் சிறிய டிரான்சிஸ்டர் வானொலிகள் சென்றன. வரப்பில் வைத்த பெட்டியிலிருந்து வேளாண்மைச் செய்தியும் வானிலை அறிவிப்பும் ஒலித்தன. மெலிந்த அலை, மின்கலத்தின் வலிமையோடு கூடி, ஊரே கேட்கும் குரலாயிற்று.

மீண்டும் கங்கைகொண்டானில்

டிரான்சிஸ்டரைக் கண்டவருள் ஒருவரான பிராட்டேன், 1955 ஆம் ஆண்டில் பியர்சன் என்பவரோடு சேர்ந்து குறைக்கடத்தி ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதினார். அதில், வானொலி அலையை உணர்வதற்குக் குறைக்கடத்திக் கல்லை முதலில் பயன்படுத்திய பெருமை ஜகதீச சந்திர போசுக்கே உரியது என்று குறித்தனர். உலகம் மறந்திருந்த பெயரை, அவ்வழியே சென்று பெரும்பயன் கண்டவரே எடுத்துரைத்தது பொருத்தமான செயல்.

கங்கைகொண்டானில் செய்யப்படும் சூரிய மின்கலத்திலும் என் வகையும் பி வகையும் ஒட்டி நிற்கின்றன. ஒளி அங்கே எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. சந்திப்பு அவற்றை ஒரே திசையில் செலுத்துகிறது. கலீனாவின்மேல் ஒளியைப் பாய்ச்சி, மின்மானியின் முள் அசைவதை ஜகதீசர் கண்டு நின்ற அந்தச் சிறிய அறைக்கும், வெயிலை மின்சாரமாக்கும் இப்பெரிய ஆலைக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உள்ளது. ஆயினும் இரண்டிடத்தும் வினவப்படும் வினா ஒன்றே.

ஜகதீசரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை, பெரும்பொருளும் இல்லை. மூன்றாண்டு ஊதியமின்றிப் பணியாற்றிய உறுதியும், அலையின் மெல்லிய அசைவையும் செடியின் மெல்லிய வளர்ச்சியையும் புறக்கணியாது நோக்கிய பொறுமையுமே அவருடைய செல்வம். அவர் தந்தது ஒரு சிறு குறியே. பின்வந்தோரின் உழைப்பும் அறிவும் அதற்கு மின்கல அடுக்காக அமைந்து அதனைப் பெருக்கின. சோழ மன்னன் கங்கை நீரைக் கொணர்ந்ததன் நினைவாக நிற்கும் ஊரில், கங்கைக் கிளையாற்றின் கரையில் தோன்றிய அவ்வறிவின் பயன் இன்று தொழிலாக நடைபெறுகிறது. முன்னது வெற்றியின் அடையாளமாக வந்த நீர். பின்னது காவல் இன்றி யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட நீர்.